கொட்டகைக்கு அடியில் குடியிருந்தவர்கள்

லாவாலில் என் மகள் வீட்டுத் தோட்டத்து மூலையில் ஒரு மரக் கொட்டகை உண்டு. புல் வெட்டும் இயந்திரம், பனி வாரும் மண்வெட்டிகள், பேத்திக்குச் சின்னதாகிவிட்ட சைக்கிள் எல்லாம் அதற்குள் கிடக்கும். 2024 கோடையில் அந்தக் கொட்டகைக்கு அடியில் ஒரு தாயும் நான்கு குட்டிகளும் குடியிருந்தார்கள். அட்வான்ஸ் இல்லை, வாடகை இல்லை. அஃறிணைக்கு 'இருந்தார்கள்' போடலாமா என்று இலக்கணம் அறிந்த நண்பர்கள் கேட்பார்கள். ஐந்து மாதம் தினமும் பார்த்துப் பழகியவர்களை 'இருந்தன' என்று எழுதக் கை வரவில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு கிரவுண்ட்ஹாக் என்று பெயர். அப்படியே தமிழாக்கினால் தரைப்பன்றி என்று வரும். பன்றிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது அணில் சாதி. நம்ம அணிலை ராமர் முதுகில் தடவிக் கொடுத்தார், மூன்று கோடு விழுந்தது. இது சேது கட்டும் பக்கமே போகவில்லை போலிருக்கிறது. கோடே கிடையாது, ஒரே பழுப்பு, ரோமத்தின் நுனி மட்டும் நரைத்த மாதிரி இருக்கும். உடம்பு கொழுத்த பூனை அளவு. வசந்தத்தில் இரண்டு மூன்று கிலோ இருப்பது, குளிர் வருவதற்குள் தின்று தின்று நான்கு ஐந்து கிலோ ஆகிவிடும். பின்னங்கால்களை ஊன்றி, முன்னங்கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும்போது, பெரிய அதிகாரியின் கார் வரக் காத்திருக்கும் பழைய காலத்து பியூன் ஞாபகம் வரும்.

பிரெஞ்சில் படித்த எனக்கு அது மார்மோத். எங்கள் வகுப்பில் மதியம் தூங்கி விழுகிறவனை வாத்தியார் "மார்மோத் மாதிரித் தூங்குகிறாயே" என்று சொல்லித்தான் எழுப்புவார். பிரெஞ்சுக்காரர்களுக்கு அதுதான் கும்பகர்ணன். புதுச்சேரி வெயிலில் உட்கார்ந்திருந்த நாங்கள் யாரும் பனியையும் பார்த்ததில்லை, மார்மோத்தையும் பார்த்ததில்லை. பாடப் புத்தகத்தில் சாவுவா மலைப் பையன் ஒருவன் மார்மோத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் வித்தை காட்டும் படம் இருந்தது, நம்மூர்க் குரங்காட்டி மாதிரி. அது ஆல்ப்ஸ் மலை மார்மோத். அப்பா, அம்மா, பெரிய பிள்ளைகள், சின்னப் பிள்ளைகள் என்று ஒரே வளையில் கூட்டுக் குடும்பமாக வாழும். குளிர்காலத்தில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு தூங்கும். கனடாவில் இருப்பது அதற்குச் சித்தப்பா பிள்ளை முறை. குணம் அடியோடு வேறு.

நான் அங்கே போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. முத்தியால்பேட்டை வீட்டில் நான் தனியாக இருப்பது மகளுக்கு ஓயாத கவலை. "ஒரு ஆறு மாசம் வந்து இருந்து பாருங்கப்பா" என்றாள். அந்த 'இருந்து பாருங்க'வுக்குள் என்ன இருக்கிறது என்று முப்பத்து மூன்று வருடம் கோப்பு படித்தவனுக்குத் தெரியாதா? மே முதல் வாரம் போய்ச் சேர்ந்தேன். லாவால் என்பது மொன்ரியாலுக்கு வடக்கே, ஆற்றுக்கு அந்தக் கரையில் உள்ள தீவு. பகலில் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கூடத்துக்கு. வீட்டில் நானும் குளிர்சாதனப் பெட்டியின் சத்தமும்தான்.

மே 14-ந் தேதி காலை 7.20-க்கு முதல் முறை பார்த்தேன். தாய் மட்டும். புல்வெளியில் பூத்திருந்த மஞ்சள் பூக்களை, அவர்கள் பிசான்லி என்பார்கள், கையால் பிடித்துக் காம்போடு தின்றுகொண்டிருந்தது. தேதியும் நேரமும் எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கே பேத்தியின் எழுதாத நோட்டு ஒன்றை எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிட்டேன். தேதி, நேரம், யார், செய்த காரியம், குறிப்பு. ஐந்து கலம். இன்வார்டு ரிஜிஸ்டர் போட்ட கை சும்மா இருக்காது.

பேத்திக்கு ஒன்பது வயது. நோட்டைப் பார்த்ததும், "யார்ன்ற கலத்துல பேர் வேணும் தாத்தா" என்றாள். தாய்க்கு 'மதாம்' என்று அவளே பெயர் வைத்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஓர் அம்மாள். எண்பத்திரண்டு வயது, தனியாக இருந்தார். நான் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மூன்றாம் நாள் அவரே பேச்சுக் கொடுத்தார். கெபெக் பிரெஞ்சு எனக்குப் பாதிதான் பிடிபட்டது. என்னுடைய பிரெஞ்சு அவருக்குப் பழைய ரேடியோவில் செய்தி வாசிப்பது போல் இருந்ததாம். நான் 'வூ' போட்டு மரியாதையாகத் தொடங்க, அவர் இரண்டாவது வாக்கியத்திலேயே 'த்யு'வுக்கு இறங்கிவிட்டார். அங்கே அது அவமரியாதை இல்லை, பிரியம். நமக்குத்தான் கூச்சம். கடைசிவரை அவருக்கு நான் 'நீ', எனக்கு அவர் 'நீங்கள்'.

"மார்மோத் எல்லாம் புத்தகத்தில். இங்கே அது சிஃப்லெ" என்றார். விசிலடிப்பவன் என்று பொருள். ஆபத்தைக் கண்டால் கூர்மையாக ஒரே ஒரு விசில் அடிக்கும், அடுத்த நொடி எல்லாம் வளைக்குள் இருக்கும். அவர்தான் இன்னொன்றும் சொன்னார். இந்தச் சாதியில் ஒவ்வொருவருக்கும் தனி வளை, தனிக் குடித்தனம். குளிர் விட்டதும் ஆண் வரும், போய்விடும். ஒரு மாதத்தில் குட்டி பிறக்கும். கண் திறக்கவே நான்கு வாரம் ஆகும். வளர்ப்பதெல்லாம் தாய் ஒருத்திதான். குடும்பம் என்று பார்த்தால் தாயும் அந்த வருடத்துக் குட்டிகளும் மட்டும், அதுவும் பாதிக் கோடை வரைக்கும்.

வளையைப் பற்றி ஒரு வார்த்தை. கொட்டகைக்குப் பக்கத்தில் மண் குவிந்து கிடந்ததே, அது முன்வாசல். பத்து நாள் கழித்துத்தான் இன்னொரு வாசல் இருப்பதைக் கண்டுபிடித்தேன். லைலாக் செடிக்குக் கீழே, புல்லுக்குள், மண்ணே குவியாமல் ஒரு துளை. உள்ளே இருந்தபடியே மேல்நோக்கித் தோண்டி, மண்ணை முன்வாசல் வழியாக வெளியேற்றிவிடும். அதனால் வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் துப்பு கிடைக்காது. நரி முன்வாசலில் வந்தால் இதன் வழியே ஓட்டம். உள்ளே தூங்க ஓர் அறை, கழிப்பதற்குத் தனி அறை. நான் பிறந்த வீட்டில் கழிப்பறை தோட்டத்துக் கோடியில் இருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 3, திங்கள், காலை 8.05. குட்டிகள் முதன்முதலாக வெளியே வந்தார்கள். முதலில் ஒரு மூக்கு. பிறகு இரண்டு. கடைசியில் நான்கு தலைகளும் முன்வாசலில் ஒன்றின் மேல் ஒன்று, டிக்கெட் கவுண்டரில் இடித்துக்கொண்டு நிற்பவர்கள் போல. ஒரு காய்ந்த இலை அசைந்தது, நான்கும் மாயம். அன்று எட்டு முறை வந்து எட்டு முறை உள்ளே ஓடினார்கள். எல்லாம் நோட்டில் இருக்கிறது.

பிரச்சினை பீன்ஸில் வந்தது. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஆனால் உயிர் தோட்டத்தில். ஏழு மாதக் குளிரில் அடைந்து கிடப்பவர்களுக்குத் தோட்டம் என்றால் என்ன என்பது நமக்குப் புரிவது கஷ்டம். உறைபனி பயம் தீர்ந்து, மே மாதக் கடைசியில்தான் நாற்று மண்ணுக்கு வரும். அதுவரை அதை வீட்டுக்குள் சன்னலோரம் கப்பில் வளர்த்தார். ஜூன் 12 காலை மதாம் ஒரே அமர்வில் பதினாறு பீன்ஸ் செடியை முடித்துவிட்டது. கத்தரிக்கோலால் வெட்டினாற்போல் அடித்தண்டு மட்டும் நின்றது.

"மாமா, இதுக்கு மேல பொறுக்க முடியாது. ஆளக் கூப்பிட்டுட்டேன். கூண்டு வெச்சிப் பிடிச்சி வெளிய எங்கனா விட்டுடுவாங்களாம்."

"யாரப் புடிப்பாங்க மாப்பிள்ளை?"

"அந்தப் பெருசத்தான்."

"குட்டிங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. கெட்டவர் இல்லை, கோபம் அப்படி. நான் நோட்டைக் கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். ஜூன் 3 முதல் 12 வரை, குட்டிகள் வளையை விட்டுப் பத்தடி தாண்டியது இரண்டே தடவை. இரண்டு தடவையும் தாய் கூடவே இருந்தது. இப்போது தாயைத் தூக்கிவிட்டால் நான்கும் கொட்டகைக்கு அடியில் பட்டினி கிடந்து சாகும், நாற்றம் ஆகஸ்ட் வரை போகாது என்றேன். கருணையைவிட நாற்றம் நன்றாக வேலை செய்யும் என்பது அலுவலக அனுபவம். "ஜூலை பாதிக்குள்ள அதுங்களே காலி பண்ணிடும் மாப்பிள்ளை. அஞ்சு வாரம் அவகாசம் குடுங்க." என் வாழ்க்கையில் எத்தனையோ கால நீட்டிப்பு விண்ணப்பங்களுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறேன். சொந்தமாக ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை.

அவர் கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டினார். "மாமா, இத எக்செல்ல போட்டா நல்லா இருக்கும்" என்றார். அத்தோடு கூண்டு விஷயம் முடிந்தது. சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து தோட்டத்தைச் சுற்றிக் கோழி வலை அடித்தோம். அடியில் ஓர் அடி மண்ணுக்குள் புதைத்து, வெளிப்பக்கமாக மடக்கிவிட வேண்டும், தோண்டினால் கம்பி தட்டும். மேல்பக்கம் ஒரு முழம் கட்டாமல் தொளதொளவென்று விட வேண்டும், ஏறினால் வளைந்து கீழே இறக்கிவிடும். ஏனென்றால் இந்தக் குண்டு உடம்போடு மரமே ஏறும். நானே பார்த்தேன்.

அவகாசம் வாங்கிய ஒரு வாரத்தில், ஜூன் 19, காலை 5.50. சன்னலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். விசில் கேட்டது. செந்நரி ஒன்று லைலாக் பக்கத்திலிருந்து வந்தது. அவசரமே இல்லாத நடை. மூன்று குட்டிகள் உள்ளே போய்விட்டார்கள். நான்காவது, எப்போதும் கொஞ்சம் தள்ளிப் போய் மேய்வது, திரும்பி ஓடியதே தவிரப் போய்ச் சேரவில்லை. தாய் வாசலில் நின்றுகொண்டு பல்லைக் கடகடவென்று அடித்தது. நரி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கவ்வியதைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு அடியில் நுழைந்து போய்விட்டது. எல்லாம் அரை நிமிடம்.

பேத்தி எழுந்து வந்ததும் நோட்டைத்தான் முதலில் பார்த்தாள். 'வரவு 4, இருப்பு 3' என்று எழுதியிருந்தேன்.

"நாலுன்னே எழுதுங்க தாத்தா."

"இல்லாதத எழுதக் கூடாதும்மா."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மகள்கூட, "அவகிட்ட என்னப்பா ரிஜிஸ்டர் கணக்கு" என்று கோபித்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. மூன்றாம் நாள் குழந்தை தானாக வந்து உட்கார்ந்து, பென்சிலை வாங்கி, அன்றைய வரியில் 3 என்று எழுதினாள்.

ஜூலை 1 கெபெக்கில் வீடு மாறும் நாள். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-இல் முடிகின்றன. அதனால் மொன்ரியால் பக்கம் எல்லாரும் ஒரே நாளில் மூட்டை கட்டுகிறார்கள். தெருவெல்லாம் லாரி, நடைபாதையெல்லாம் பழைய சோபா. பக்கத்து வீட்டு அம்மாளும் அன்றுதான் போனார், முதியோர் குடியிருப்பு ஒன்றுக்கு. பிள்ளைகள் இரண்டு பேரும் ஆல்பெர்ட்டாவில், விமானத்தில் நான்கு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும் என்று சொல்லியிருந்தார். ஒரு மகன் வந்து சாமான்களை ஏற்றினான். வேலியோரம் வந்து, "உன் சிஃப்லெக்களைப் பார்த்துக்கொள்" என்றார். நான், "உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். பிரெஞ்சில் இவ்வளவு சுருக்கமாக நான் பேசியதே இல்லை.

அந்த வாரம்தான் மதாம் மாறியது. ஜூலை 4 மாலை, முன்வாசலுக்கு வந்த பெரிய குட்டியை மூக்கால் இடித்துத் தள்ளியது. குட்டி விளையாட்டு என்று நினைத்துத் திரும்ப வந்தது. இந்தத் தடவை கடி. மறுநாள் மூன்றையும் துரத்தியது. குட்டிகள் கொட்டகையைச் சுற்றி ஓடி வந்து பின்வாசலில் நுழையப் பார்க்க, அதற்குள் தாய் அங்கே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. 7-ந் தேதி ஒன்று குறைந்தது, 11-ந் தேதி இன்னொன்று. நரி இல்லை. பெரிய குட்டி வேலியைத் தாண்டி, தெருவோரப் பள்ளத்தின் வழியே ரயில் பாதைப் பக்கம் போவதை நானும் பேத்தியும் சேர்ந்தே பார்த்தோம். அது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது, சின்னது, காலியான பக்கத்து வீட்டு பால்கனிக்கு அடியில் தோண்ட ஆரம்பித்தது. சில பெண் குட்டிகள் இப்படி அருகிலேயே தங்குவதுண்டாம். மாப்பிள்ளையிடம் சொன்ன தேதிக்கு நான்கு நாள் முன்னதாகவே காலி. வாக்குத் தவறவில்லை.

மகள் இதைச் சமையலறை சன்னலிலிருந்து பார்த்தாள். "என்னப்பா இது, பெத்தவளா? ரெண்டு மாசப் புள்ளைங்கள இந்தக் கடி கடிக்கிறா."

"ஒரே மேய்ச்சலுக்கு நாலு வாய் ஆகாதும்மா. குளிருக்கு அததுக்குத் தனி வளை வேணும். இப்பத் தோண்டினாத்தான் அக்டோபருக்குள்ள முடியும்."

அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, நான் மே மாதத்திலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். "அந்த வீட்ட வித்துட்டு இங்கயே வந்துடுங்களேம்ப்பா. அங்க யாரு இருக்கா?"

அவளைக் குறை சொல்ல மாட்டேன். கேட்காமல் இருந்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன். மிருகத்தைக் காட்டி மனிதனுக்குப் பாடம் சொல்கிற கட்டுரைகளும் எனக்குப் பிடிக்காது. மதாம் செய்தது மதாமுக்குச் சரி. என் பெண் எனக்குக் குட்டியும் இல்லை, நான் அவளுக்குத் துரத்த வேண்டிய ஆளும் இல்லை. "நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட் குடுக்கணும்மா" என்றேன். மாப்பிள்ளை உள்ளேயிருந்து, "அதெல்லாம் இப்போ போன்லயே குடுக்கலாம் மாமா, முகத்தக் காட்டினா போதும்" என்றார். நல்ல பிள்ளை, எல்லாவற்றுக்கும் வழி வைத்திருப்பார். நான் உயிரோடு இருப்பதை எங்கே இருந்துகொண்டு சொல்ல வேண்டும் என்பதுதான் கேள்வி. அதை அன்றைக்குச் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, அவளும் நானும் மட்டும் நடக்கப் போனபோது சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்தால் பேர் சொல்லிக் கூப்பிட இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள், அந்த எண்ணிக்கை குறைந்தால் நானே போன் பண்ணுகிறேன் என்று. அழுதாள். பிறகு, "வருஷா வருஷம் கோடைக்கு வரணும்" என்று கண்டிஷன் போட்டாள். ஒப்புக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9 அன்று டெபி புயலின் மிச்சம் மொன்ரியாலில் ஒரே நாளில் 15 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. ஊரில் ஏகப்பட்ட வீடுகளில் நிலவறைக்குள் தண்ணீர். வளை மூழ்கியிருக்கும் என்று பயந்தேன். மறுநாள் 9.30-க்கு மதாம் முன்வாசலில் ஈரமே இல்லாத ரோமத்தோடு நின்றது. தூங்கும் அறையைக் கொஞ்சம் மேடாக வைத்துத்தான் தோண்டும் போலிருக்கிறது. அதற்குப் பிறகு தின்பது ஒன்றுதான் வேலை. எறும்பு மாதிரி இது எதையும் சேர்த்து வைக்காது. உடம்புதான் களஞ்சியம். குளிர்காலத்தில் நிமிடத்துக்கு எண்பதுக்கு மேல் துடிக்கும் இதயம் பத்துக்கும் கீழே இறங்கிவிடும். உடம்புச் சூடு ஐஸ் பெட்டித் தண்ணீர் அளவுக்கு வந்துவிடும். என் வாத்தியார் வகுப்பில் தூங்கியவனை இதோடு ஒப்பிட்டது கொஞ்சம் அதிகப்படிதான்.

கடைசியாக அக்டோபர் 8 மாலை 4.10-க்குப் பார்த்தேன். வாய் நிறையக் காய்ந்த இலையைக் கவ்விக்கொண்டு உள்ளே போனது. 17-ந் தேதி எனக்கு விமானம். நோட்டைப் பேத்தியிடம் சார்ஜ் ஒப்படைத்தேன், கையெழுத்து வாங்கிக்கொண்டு.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் நம்மூரில் ஏறியதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாளில் 48 செ.மீ. முத்தியால்பேட்டையில் கரண்ட் இல்லாமல், மூன்றாவது படி வரை தண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். போன் கிடைத்ததும் மகளுக்கு முன்னால் பேத்தி பேசினாள். "தாத்தா, உங்க வீட்டுக்குப் பின்வாசல் இருக்கா?" இருக்கிறது என்றேன். அவளுக்கு நிம்மதி.

பிப்ரவரி 2-ந் தேதி மறுபடி கூப்பிட்டாள். அன்று ஷாந்தலேர். நம்மூர் கிறிஸ்தவர்களுக்கு மெழுகுவர்த்தி மந்திரிக்கும் திருநாள், பிரான்சில் க்ரெப் சுடுவார்கள். கனடாவில் அன்று மார்மோத்தை எழுப்பி, நிழலைப் பார்த்தால் குளிர் இன்னும் ஆறு வாரம் என்று ஜோசியம் கேட்பார்கள். கெபெக்கில் ஃப்ரெத் என்று ஒரு மார்மோத் இதற்குப் பேர் போனது. 2023-இல் அன்றைக்குப் பார்க்கப் போனால் அது செத்துக் கிடந்தது. கடைசியில் பொம்மையைத் தூக்கிக் காட்டினார்கள். "நம்ம மதாமை யாரும் எழுப்பலல்ல?" என்று கேட்டேன். "கொட்டகைக்கு மேலயே ஒரு மீட்டர் பனி தாத்தா. யாரால முடியும்?"

ஏப்ரலில் நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் புண்ணியத்தில் முழுக்கத் தமிழ். கோடு ஸ்கேல் வைத்தே போட்டிருந்தாள்.

'ஏப்ரல் 6. ஞாயிறு. 10.15. மதாம். இளைச்சிருக்கா. வாசல்ல நின்னா, புல் இல்ல, உள்ள போய்ட்டா. 10.40. பக்கத்து வீட்டு பால்கனி. சின்னது. குறிப்பு: அப்பா பீன்ஸ் கப்புல போட்டுட்டார். தாத்தா டிக்கெட் மே 9.'